சுங்கை பாக்காப்பில் விழாத ஓட்டுகளும் நமக்கு இல்லாத மூன்றாவது ஓட்டும்

நிபோங்மண் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் 2024 ஜூலை 6ஆம் தேதி நடந்த சுங்கை பாக்காப் சட்டமன்ற இடைத்தேர்தலைப் பற்றிப் பேச்சு வந்தாலே, “நம்மாளுங்க கோபத்துல வீட்டிலேயே இருந்துட்டாங்க” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அன்று ஒரு கட்சிக்கு வாக்குச்சாவடி முகவராக உட்கார்ந்தவன் நான். அந்த ஒரு வரி என் மனத்துக்கு ஒப்பவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2023 ஆகஸ்ட் 12 சட்டமன்றத் தேர்தலில் இந்தத் தொகுதியில் பாஸ் கட்சி வேட்பாளருக்கு 15,433 ஓட்டு, கெஅடிலான் கட்சி வேட்பாளருக்கு 13,870. பெரும்பான்மை 1,563. வென்றவர் காலமானதால் இடைத்தேர்தல் வந்தது. அதில் பாஸ் 14,489, கெஅடிலான் 10,222. பெரும்பான்மை 4,267. மறுநாள் பத்திரிகைகள் இந்த 4,267ஐத்தான் பெரிதாகப் போட்டன. ஆனால் கூட்டிக் கழித்துப் பாருங்கள்: வென்றவருக்கே முந்திய ஆண்டைவிட 944 ஓட்டு குறைவு. தோற்றவருக்கு 3,648 குறைவு. இரண்டு பேருக்கும் சேர்த்து 4,592 ஓட்டு விழவே இல்லை. வாக்களித்தவர்கள் 63.45 விழுக்காடு. கட்சி மாறிப் போட்டவர்களும் இருப்பார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் அந்தப் பெரும்பான்மையை உயர்த்தியதில் பெரும்பங்கு வராதவர்களுடையது.

சாவடியில் என்ன நடக்கும் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பள்ளிக்கூட வகுப்பறை, சின்னப் பிள்ளைகள் உட்காரும் நாற்காலி. எங்கள் கையில் வாக்காளர் பட்டியல், ஓர் அடிமட்டம், ஒரு பென்சில். உள்ளே வருபவரின் அடையாள அட்டையை வாங்கி அதிகாரி பெயரை உரக்கப் படிப்பார். நாங்கள் பட்டியலில் அந்தப் பெயரின் மேல் கோடு போடுவோம். வாக்காளர்களை வயதுப்படி சாலுரான்களாக, அதாவது தனித்தனி வரிசைகளாகப் பிரித்திருப்பார்கள். முதல் சாலுரானில் ஊர்ப் பெரியவர்கள், கடைசிச் சாலுரானில் இளையவர்கள். எனக்குக் கிடைத்தது கடைசிச் சாலுரான். மத்தியானம் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். ஏ/எல், ஏ/பி (இன்னாரின் மகன், மகள்) என்று வரும் நம் இந்தியர் பெயர்களில் பாதிக்கு மேல் கோடு விழாமல் அப்படியே கிடந்தன. அடிமட்டத்தை மேசையில் வைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மழைகூட இல்லை அன்றைக்கு.

அதற்கு முந்தைய வாரம் ஒரு மலிவு வீட்டுத் தாமானில் (குடியிருப்பில்) வீடு வீடாகப் போனோம். ஓர் அம்மா, அறுபது வயதிருக்கும், தோட்டத்தில் பால் வெட்டியவர். கையில் கொடுத்த எங்கள் வேட்பாளரின் துண்டறிக்கையை மடித்து வைத்துக்கொண்டு கேட்டார்: “தம்பி, இந்த லோங்காங்க தூரு வாரணும்னா இவருகிட்டத்தான் போகணுமா?” இல்லைம்மா, சாக்கடை தூர் வாருவது மாநகர் மன்றத்து வேலை என்றேன். “அப்ப அந்த மன்றத்துக்கு எப்பப்பா தேர்தலு?”

எனக்குப் பதில் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைத்தான் இங்கே பேச விரும்புகிறேன்.


எல்லைக்கல்

நிபோங்மண் அண்ணே, வணக்கம். கணக்கு சரி, ஆனால் முடிவுக்கு அவசரப்படாதீர்கள். இடைத்தேர்தல் என்றாலே ஆள் வரத்து குறையும். பினாங்கு சட்டமன்றத்தில் 40 இடம். 2023இல் கெஅடிலான் இருக்கும் பக்காத்தான் கூட்டணியும் தேசிய முன்னணியும் சேர்ந்து 29 பிடித்து ஆட்சி அமைத்தன. சுங்கை பாக்காப் யார் கைக்குப் போனாலும் ஆட்சி மாறப்போவதில்லை. கோலாலம்பூரிலும் ஜொகூரிலும் வேலை பார்க்கும் பிள்ளை ஒரு சனிக்கிழமைக்காக எண்ணெய்க் காசு, டோல் காசு போட்டு வருவானா? எங்கள் வீட்டிலேயே இரண்டு ஓட்டு அப்படித்தான் போயிற்று.

இன்னொன்று: ஓட்டுச் சீட்டில் இனம் எழுதியிருக்காது. தொகுதியில் இந்தியர்கள் ஏறத்தாழ 17 விழுக்காடு, சீனர்கள் 22, மலாய்க்காரர்கள் 59. வராதவர்கள் எல்லாரும் நம்மவர்கள் என்று ஒரு சாலுரானை வைத்துச் சொல்லக்கூடாது.


வால்டோர்பிள்ளை

நான் ஓட்டுப் போடவில்லை. ஒளிவு மறைவு இல்லாமலே சொல்லிவிடுகிறேன். வயது 22. பதினெட்டு வயது ஓட்டுரிமையும் தானியங்கிப் பதிவும் 2021 டிசம்பரில் நடப்புக்கு வந்ததால்தான் என் பெயரே பட்டியலில் ஏறியது. நானாகப் போய்ப் பதிந்திருக்கமாட்டேன். 2022 பொதுத்தேர்தலில் போட்டேன். 2023இல் அப்பா வற்புறுத்தியதால் போட்டேன். 2024இல் அப்பாவே போகவில்லை.

அப்பா கட்சிக்காரர் இல்லை. ஆனால் ஒவ்வொரு தேர்தலிலும் யார் வந்து கை கொடுத்தாலும் மூன்று விஷயம் கேட்பார்: தாமான் நுழைவாயில் விளக்கு, மழைத்தண்ணீர் தேங்கும் மூலை, பிள்ளைகள் பந்து விளையாடும் திடலுக்கு வேலி. வந்தவர்கள் மூன்றையும் குறித்துக்கொண்டு போவார்கள். “குறிச்சுக்கிறதுக்குத் தேர்தல் எதுக்கு, நோட்டுப் புஸ்தகம் போதும்” என்று அந்த வருடம் சொல்லிவிட்டு, காலையிலேயே மீன் பிடிக்கப் போய்விட்டார். நானும் ஷிப்ட் முடிந்து வந்து படுத்துவிட்டேன். அன்று இரவு முடிவைப் பார்த்தபோது உறுத்தியது. யார் வென்றார் என்பதற்காக அல்ல. என்னைப் போல எத்தனை பேர் படுத்திருந்தார்கள் என்று தெரிந்ததால்.


நிபோங்மண்

எல்லைக்கல், நீங்கள் சொன்னது நியாயம். ஒரு சாலுரான் ஓர் ஊர் ஆகாது. அந்தப் பகுதியை நான் பார்த்ததாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வால்டோர்பிள்ளை, தங்கச்சி, உங்கள் அப்பா கேட்ட மூன்றையும் பாருங்கள். விளக்கு, தேங்கும் தண்ணீர், திடல். தாமான் ரோட்டில் இவை மூன்றும் ஊராட்சி மன்றம் பார்க்கவேண்டிய வேலை. பினாங்கில் குப்பை அள்ளுவதும் மன்றத்தின் கையில்தான். பாசாரில் கடை போட லைசென்ஸ், வீட்டுக்குக் கூரை நீட்ட அனுமதி, கோயிலுக்கு மண்டபம் கட்ட வரைபட ஒப்புதல் எல்லாம் அங்கேதான். ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரி கடைசிக்குள்ளும் ஆகஸ்ட் கடைசிக்குள்ளும் நாம் கட்டும் மதிப்பீட்டு வரி போவதும் அங்கேதான். நம் வாழ்க்கையை அன்றாடம் தொடும் அந்த மன்றத்தில் ஓர் ஆளைக்கூட நாம் தேர்ந்தெடுப்பதில்லை. நாடாளுமன்றத்துக்கு ஒன்று, சட்டமன்றத்துக்கு ஒன்று என்று இரண்டு ஓட்டுதான் நமக்கு; மன்றத்துக்கான மூன்றாவது ஓட்டு இல்லை. அதனால் லோங்காங் கோபத்தைச் சட்டமன்ற ஓட்டில் காட்டுகிறோம். அங்கேயும் தீராதபோது வீட்டில் உட்கார்ந்துவிடுகிறோம். சிறிய ஊர்களில் ஓட்டு இப்படி ஏறி இறங்குவதற்கு இது ஒரு பெரிய காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.


கிரியான்கரை

தம்பிமார்களே, நான் ஓய்வு பெற்ற ஆசிரியன். வயது எழுபத்தெட்டு. அந்த அம்மா கேட்ட கேள்விக்கு ஒரு காலத்தில் இந்த நாட்டில் பதில் இருந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மலாயாவின் முதல் ஊராட்சித் தேர்தல் நடந்ததே நம் ஜோர்ஜ்டவுனில்தான், 1951 டிசம்பரில். நாடாளுமன்றத் தேர்தலுக்கும் சுதந்திரத்துக்கும் முன்பே நகராண்மைக் கழகத்துக்கு மக்கள் ஓட்டுப் போட்டுவிட்டார்கள். 1957 ஜனவரி முதல் நாள் ஜோர்ஜ்டவுன் மாநகரானது. அந்தப் பத்தாண்டின் கடைசியில் மேயராக இருந்தவர் தொழிற்கட்சியின் டி. எஸ். இராமநாதன். சீனர்கள் பெரும்பான்மையாக இருந்த ஊருக்கு ஒரு தமிழர் மேயர்! ஸ்காட் ரோடு என்று பழைய ஆட்கள் சொல்வார்களே, அதற்கு இன்று அவர் பெயர்தான்.

1965 மார்ச் 1ஆம் தேதி, இந்தோனேசியாவுடன் மோதல் நடந்துகொண்டிருந்த நேரம், ஊராட்சித் தேர்தல்களை நிறுத்திவைப்பதாகப் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அறிவித்தார். நிறுத்திவைப்பு என்றுதான் சொன்னார்கள், ஒழிப்பு என்று சொல்லவில்லை. எனக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. நிலைமை சீரானதும் திரும்ப வரும் என்றே எல்லாரும் நம்பினோம். மோதல் 1966இலேயே முடிந்தது. தேர்தல் வரவில்லை.

அந்த 1965லேயே ஊராட்சி மன்றங்களை ஆராய ஓர் அரச ஆணையம் அமைத்தார்கள். அதன் தலைவரும் நம்மவர், செனட்டர் ஆதி நாகப்பன். சில மன்றங்களில் முறைகேடு என்று புகார் கிளம்பியிருந்த காலம் அது. அதையெல்லாம் விசாரித்துப் பார்த்துவிட்டும், தேர்தல் திரும்ப வேண்டும் என்றே ஆணையம் 1968இல் எழுதிக் கொடுத்தது. ஏற்கவில்லை. 1976இல் ஊராட்சிச் சட்டம் வந்தது. மன்றத் தலைவரைத் தவிர 8 முதல் 24 உறுப்பினர்கள், எல்லாரும் மாநில அரசின் நியமனம். இன்றுவரை அதுதான்.

கோலாலம்பூரில் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் பக்கம் போனால் ஜாலான் ஆதி நாகப்பன் என்ற பலகையைப் பார்க்கலாம். பேர் ரோட்டில் இருக்கிறது. பரிந்துரை அலமாரியில் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நம் தென் செபராங் பிறைத் தமிழர்கள் பெரும்பாலும் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். கலிடோனியா, வால்டோர், பத்து காவான் என்று கரும்புக் காலத்திலிருந்து இருந்த தோட்டங்கள். என் தாத்தாவுக்கு நகராண்மையும் தெரியாது, மன்றமும் தெரியாது. லயத்தில் குழாய் உடைந்தால் மண்டோரிடம் (மேற்பார்வையாளரிடம்) சொல்லணும், மண்டோர் கிராணியிடம் (எழுத்தரிடம்), கிராணி துரையிடம். தோட்டம் தனியார் நிலம். அரசாங்கத்தின் ஊர்ப்புற மேம்பாடு கம்பத்துக்கு (மலாய்க் கிராமத்துக்கு) வந்தது, லயத்துக்கு வரவில்லை. தோட்டம் விற்கப்பட்டு மலிவு வீட்டுக்கு வந்தபின்தான் நாம் மன்றத்துக்கு வரி கட்டுகிற குடிகளானோம். அப்போது மன்றத்தில் தேர்தல் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. துரைக்குப் பதில் கவுன்சிலர் என்றுதான் நம் மக்களில் பலர் இன்னமும் நினைக்கிறார்கள்: மேலிருந்து யாரோ அனுப்பிவைத்த ஆள். கேட்கலாம், கெஞ்சலாம், மாற்ற முடியாது.


வால்டோர்பிள்ளை

ஐயா, இதைப் படித்துவிட்டு அப்பாவிடம் காட்டினேன். மண்டோர், கிராணி, துரை என்ற இடத்தில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். பாட்டி அப்படித்தான் சொல்வார்களாம்.


செந்தூல்வாசி

எல்லாருக்கும் வணக்கம். கோலாலம்பூரிலிருந்து எழுதுகிறேன். உங்களுக்கு இரண்டு ஓட்டு, எங்களுக்கு ஒன்றுதான். 1974 பிப்ரவரி 1இல் கூட்டரசுப் பிரதேசம் ஆனதிலிருந்து கோலாலம்பூருக்குச் சட்டமன்றம் கிடையாது. பதினொரு நாடாளுமன்றத் தொகுதி, ஐந்து ஆண்டுக்கு ஒரு ஓட்டு, அவ்வளவுதான். மாநகர் மன்றத்தில் கவுன்சிலர் என்ற பேச்சே இல்லை. கூட்டரசு அரசாங்கம் நியமிக்கும் டத்தோ பண்டார் (மேயர்), ஆலோசனை சொல்ல ஒரு வாரியம். 1952 பிப்ரவரியில் இதே கோலாலம்பூர் நகராண்மைத் தேர்தலில்தான் மலாய்க்காரர் கட்சியான அம்னோவும் சீனர் கட்சியான ம.சீ.ச.வும் முதன்முதலாகக் கைகோத்து 12 இடத்தில் 9ஐ வென்றன. பின்னாளில் நாட்டை ஆண்ட கூட்டணி பிறந்ததே ஒரு ஊராட்சித் தேர்தலில். அந்தத் தேர்தல்தான் இன்று எங்களுக்கு இல்லை.

நிபோங்மண் அண்ணா, ஒரு கேள்வி. 2008இல் பினாங்கு கைமாறியபோது மூன்றாவது ஓட்டு திரும்ப வரும் என்று சொன்னார்களே, அது என்ன ஆயிற்று? இங்கே இளையவர்கள் பலருக்கு அந்தக் கதை தெரியாது.


நிபோங்மண்

பினாங்கு முயற்சி செய்தது, அதை மறைக்கக்கூடாது. 2010இல் பினாங்கும் சிலாங்கூரும் தேர்தல் ஆணையத்திடம் கேட்டன. நடத்த முடியாது என்று பதில் வந்தது. 2012இல் பினாங்கு சட்டமன்றமே ஊராட்சித் தேர்தலுக்கு ஒரு சட்டம் இயற்றியது. அதை வைத்து வழக்கும் போட்டார்கள். 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம், 1976 சட்டம் இருக்கும்வரை மாநிலம் தனியாகத் தேர்தல் நடத்த முடியாது என்று தீர்ப்பளித்தது. பூட்டு கோலாலம்பூரில் இருக்கிறது, சாவி நாடாளுமன்றத்தில் இருக்கிறது என்பது அன்றைக்கு உறுதியாயிற்று. 2018இல் புத்ராஜெயாவிலும், அதாவது கூட்டரசு அரசாங்கத்திலும், ஆட்சி மாறியது. மூன்று ஆண்டில் கொண்டுவருவோம் என்று அமைச்சர் சொன்னார். அந்த ஆண்டு முடிவதற்குள் பிரதமர் மகாதீர், இனச் சச்சரவு வரும் என்று சொல்லிக் கதவை மூடினார்.


எல்லைக்கல்

அந்தக் கதவை மூடியதில் எனக்கு முழுக்கக் கருத்து வேறுபாடு இல்லை. என்னைத் திட்டினாலும் பரவாயில்லை.

நான் இப்போது இருப்பது வேறு மாநிலத்தில் ஒரு சிறிய பட்டணம், பெயர் வேண்டாம். என் வீட்டு முன் லோங்காங் மூடி உடைந்து பதினான்கு மாதம் கிடந்தது. என் மகள் ஆறு வயதில் அதில் காலை விட்டு கணுக்கால் பிசகியது. கவுன்சிலரைத் தேடினேன். சொன்ன பெயருக்குப் போன் போட்டால் அவர் பதவி போன வருடமே முடிந்துவிட்டதாம். புதியவர் யாரென்று தாமானில் யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் நானே இரும்புக்கடையில் ஒரு தகடு வாங்கிப் போட்டு மூடினேன். ஆகவே நியமன முறை நன்றாக நடக்கிறது என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் தேர்தல் வந்தால்? நம் கோயில் நிர்வாகத் தேர்தல்களைப் பாருங்கள். எத்தனை நீதிமன்றம் வரை போயிருக்கின்றன? ஊர்க்காரன், உறவுக்காரன், சாதிக்காரன் என்று பிரிந்து நிற்கிறோம். லோங்காங்குக்கும் அப்படி நின்றால் என்ன செய்வது? ஊராட்சித் தேர்தல் வந்தால் பட்டணம் ஓர் இனத்திடமும் கம்பம் இன்னோர் இனத்திடமும் போய்விடும் என்கிற பயம் மலாய்க்காரர்களிடம் இருக்கிறது. அந்தப் பயத்தைத் துடைத்துத் தள்ளவும் முடியாது. 17 விழுக்காடு நாம் எங்கே நிற்போம்?


கிரியான்கரை

எல்லைக்கல் தம்பி, பிள்ளைக்குக் கால் இப்போது நலமா? கோபம் எனக்கு இல்லை. நீர் பயப்படுவதில் உண்மை இருக்கிறது. அந்தக் காலத்துத் தேர்தலிலும் பணம் இருந்தது, அடிதடி இருந்தது. ஆனால் ஒன்று கவனித்துப் பாரும். இராமநாதன் மேயரானது தமிழர் ஓட்டால் மட்டும் அல்ல. ஜோர்ஜ்டவுனில் தமிழர் எத்தனை பேர்? கட்சியைப் பார்த்தார்கள், உழைப்பைப் பார்த்தார்கள். சின்ன வட்டாரத்தில் ஆளைத் தெரியும். ஆளைத் தெரிந்த இடத்தில் இனத்தின் பிடி கொஞ்சம் தளர்கிறது. அடைந்த லோங்காங் சீனர் வீட்டுக்கும் மலாய்க்காரர் வீட்டுக்கும் சேர்த்துத்தானே நாறும்.

கோயில் தேர்தல் சண்டையைச் சொன்னீர். உண்மைதான், வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தலைவரை மாற்றக்கூடிய இடம் வேறு எது இருக்கிறது? இருக்கிற ஒரே இடத்தில் எல்லா ஆத்திரமும் போய்க் கொட்டுகிறது.


எல்லைக்கல்

கால் நலம் ஐயா, நன்றி. கடைசியில் நீங்கள் சொன்னதை இதுவரை நான் யோசித்ததில்லை. பயம் இன்னும் போகவில்லை. ஆனால் யோசிக்கிறேன்.


செந்தூல்வாசி

சட்டம் மாறும்வரை சும்மா இருக்கவும் தேவையில்லை. 1976 சட்டத்தின் 23ஆம் பிரிவைப் பாருங்கள்: மன்றத்தின் முழுக்கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்தது, மன்றமே வேறாகத் தீர்மானித்தால் ஒழிய. குழுக் கூட்டங்களுக்கு அப்படி இல்லை, முழுக்கூட்டத்துக்கு உண்டு. உங்கள் ஊரில் யாராவது போய் உட்கார்ந்ததுண்டா? எங்களுக்கு அந்த வாய்ப்பே இல்லை, ஏனென்றால் கூடுவதற்குக் கவுன்சிலரே இல்லை. உங்களுக்கு இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள்.

பத்தாம் பிரிவையும் படியுங்கள். கவுன்சிலர்களில் பெரும்பாலோர் அந்த மன்ற எல்லைக்குள் குடியிருப்பவர்களாக இருக்கவேண்டும், தங்கள் சமூகத்தின் நலனை எடுத்துச் சொல்லக்கூடியவர்களையும் நியமிக்கலாம் என்று இருக்கிறது. மாநில அரசு பெயர்களை முடிவு செய்யுமுன் ஒரு தாமான் கையெழுத்துப் போட்டு, எங்கள் பக்கத்துக்கு இப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்று கேட்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. நியமனக் காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகாது.


வால்டோர்பிள்ளை

கூட்டத்துக்குப் போகலாமா? நிஜமாகவா? அனுமதி வாங்கணுமா?


நிபோங்மண்

தங்கச்சி, எனக்கும் இது புதுசு. நேற்று மத்தியானம் வேலை நேரத்தில் பத்து நிமிடம் எடுத்து மன்றத் தலைமையகத்துக்குப் போன் போட்டேன். எடுத்த அம்மா மரியாதையாகப் பேசினார், வரலாம் என்றார். இடத்துக்காக எத்தனை பேர் என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டால் நல்லதாம், அடையாள அட்டை கொண்டுவரவேண்டும். முகவராக ஏழு தேர்தல் உட்கார்ந்தவன் நான். எத்தனையோ தரம் அந்தக் கட்டடத்துக்குப் போய் வரி கட்டியிருக்கிறேன். மேல்மாடிக்குப் போகலாம் என்று இத்தனை நாள் தோன்றவே இல்லை.

அந்தத் தாமான் அம்மாவைப் பார்த்து இன்று காலை சொன்னேன். “நான் வந்து என்னப்பா பேசுறது? எனக்கு மலாய் கொஞ்சந்தான் வரும்” என்றார். பேச விடமாட்டார்கள்மா, உட்கார்ந்து கேட்கலாம் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “நம்ம ரோட்டைப் பத்தி யாரு பேசுறாங்கன்னு பார்க்கலாமில்ல?” என்றார். வருகிறார்.

அடுத்த முழுக்கூட்டத்தன்று விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். புக்கிட் மெர்தாஜாம், பண்டார் பெர்டா. காலை ஏழரைக்கு ஜாவி சந்தியிலிருந்து கிளம்புகிறேன். அந்த அம்மா போக காரில் இன்னும் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது. வால்டோர்பிள்ளை, அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவருடைய மூன்று விஷயத்தையும் ஒரு தாளில் மலாயில் எழுதி எடுத்து வரச் சொல்லுங்கள். கூட்டம் முடிந்து வெளியே வரும்போது கையில் கொடுக்கலாம்.


வால்டோர்பிள்ளை

அப்பா எழுதிக்கொண்டிருக்கிறார். மூன்று ஐந்தாகிவிட்டது.